நின்றுபோன மாருதியும் மூன்று இன்ஜெக்டர்களும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் பாலவனத்தம் வரும். மதுரையில் 1901ஆம் ஆண்டு தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர். சுற்றிலும் கரிசல். மழை பெய்தால் பருத்தியும் சோளமும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். இங்கிருந்து திருச்சுழி வரை எந்த ஊருக்குள் நுழைந்தாலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் சில கண்ணில் படும். பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையின் கீழ் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நிற்கும். பல வீடுகளில் அது மாருதி 800. அப்பா வாங்கியது, விற்க மனசு வராது.

பங்குனிப் பொங்கலுக்கோ குலசாமி கும்பிடவோ ஊருக்கு வருகிற மகன் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருகுவார். செல்ஃப் அடிக்கும், எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. பிடித்தாலும் உதறி உதறி ஓடும், ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். மெக்கானிக் வந்து கேட்டுவிட்டு, “இன்ஜெக்டர் அடைச்சிருக்கு அண்ணாச்சி” என்பார். “வண்டி ரெண்டு வருசமா ஓடவே இல்லையேப்பா, தூசி எப்படிப் போகும்?” என்று அண்ணாச்சி கேட்பார். நியாயமான கேள்வி. ஓடாததுதான் காரணம் என்பதும், அடைத்தது தூசி இல்லை, பெட்ரோலேதான் என்பதும் அவருக்கு நம்பச் சிரமமாக இருக்கும்.

முதல் மாருதி 800 சாவி கைமாறியது 1983 டிசம்பர் 14 அன்று. அப்போது அதில் இருந்தது கார்புரேட்டர். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, 2000ஆம் ஆண்டு வாக்கில் இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ வண்டி வந்தது. 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர். நான்கில் ஒன்று கெட்டால் வண்டி முனகிக்கொண்டாவது போகும். மூன்றில் ஒன்று கெட்டால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு, உதறலும் அதற்கேற்ப.

இன்ஜெக்டர் என்ற சங்கதி கரிசல் காட்டுக்குப் புதிதும் இல்லை. கமலை ஓய்ந்த காலத்தில் கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்த ஐந்து குதிரைச் சக்தி ஆயில் எஞ்சினிலேயே அது இருந்தது, ‘நாசில்’ என்பார்கள். ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927இல் டீசல் பம்பைத் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியது. 1951இல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தொடங்கிய பிறகு அந்தப் பம்பும் நாசிலும் இந்தியாவிலேயே கிடைத்தன. நாசில் வேலை பார்ப்பது இங்கே ஒரு தனிக் கைத்தொழில். நாசிலைக் கழட்டி, ஊசியைத் தனியே எடுத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, துளைக்கு அளவான மெல்லிய கம்பியால் குத்திவிட்டு, டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அடிப்பார்கள். சுமார் 200 பார் அழுத்தத்தில் ‘கிர்ர்’ரென்று அதிர்ந்து பனிப்புகையாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் திரும்பவும் கழட்டு.

சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கைப்பழக்கத்தோடு பெட்ரோல் இன்ஜெக்டரிடம் போகக் கூடாது. பெட்ரோல் இன்ஜெக்டர் விரல் நீளம்தான். உள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருள், ஒரு சின்ன ஸ்பிரிங், ஓர் ஊசி. எஞ்சினின் கம்ப்யூட்டர் மின்சாரம் விட்டால் சுருள் காந்தமாகி ஊசியை மேலே இழுக்கும். நிறுத்தினால் ஸ்பிரிங் ஊசியை இறக்கி மூடும். ஊசி எழும் உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தலைமுடியின் தடிமன் அளவுதான். பின்னால் தள்ளும் பெட்ரோலின் அழுத்தம் சுமார் 3 பார். மொத்தத்தையும் தொழிற்சாலையில் மடித்து மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். கழட்ட முடியாது, கழட்டினால் திரும்பச் சேராது. முனைத் துளையில் குண்டூசியைவிட்டுக் குத்தினால் துளை விளிம்பு சிதைந்து, பீய்ச்சல் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். பிறகு எதைக் கழுவியும் பயனில்லை.

எவ்வளவு நுணுக்கமான அளவு என்று ஒரு கணக்குப் போடலாம். ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இன்ஜெக்டர் திறக்கும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ ஏழு முறை, ஒவ்வொரு முறையும் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம். நின்ற இடத்தில் வண்டி மணிக்கு அரை லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு முறை திறந்து மூடும்போது போவது 0.007 மில்லிலிட்டர். ஒரு சொட்டில் ஏழில் ஒரு பங்கு. இந்த அளவில் வேலை செய்யும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு படிந்தாலே போதும், கணக்குத் தப்பிவிடும்.

அந்தப் பூச்சு எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் என்று நாம் ஒற்றைப் பெயரில் அழைப்பது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. சில 35 டிகிரியிலேயே ஆவியாகும், சிலவற்றுக்கு 200 டிகிரி வேண்டும். வண்டி நின்றால் முதலில் பறப்பவை லேசானவை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பற்றிக்கொள்ள உதவுவதே அவைதான். எனவே பழைய பெட்ரோல் கெட்டுப்போகும் முன்பே சோம்பலாகிவிடும். மூடியைத் திறந்து மோந்தால் பெட்ரோலின் சுரீர் வாசம் போய், பழைய பெயின்ட் டப்பாவின் புளித்த வாடை வரும். பட்டறைக்காரர் வண்டியில் கைவைக்கும் முன் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது சும்மா இல்லை.

அடுத்து நடப்பது வேதியியல். கச்சா எண்ணெயின் கனமான மூலக்கூறுகளைச் சுத்திகரிப்பு ஆலையில் உடைத்துப் பெட்ரோல் ஆக்கும்போது ஓலிஃபின் என்ற வகை உண்டாகிறது. அதில் கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆக்சிஜன் வந்து தொற்றிக்கொள்ள அது வசதியான இடம். எங்கோ ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் ஒன்றை இழந்து ‘தனி உறுப்பு’ ஆகிறது. அது ஆக்சிஜனைப் பிடித்துப் பெராக்சைடு உறுப்பாகி, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பறிகொடுத்தது அடுத்ததிடம் போகிறது. இப்படித் தொடர்ந்து போகும் வினையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டு, கடைசியில் பெட்ரோலிலேயே கரையாத பிசின் ஆகின்றன. வேப்பம்பிசின் நிறத்தில், முதலில் ஒட்டும், காய்ந்தால் வார்னிஷ் போல இறுகும்.

இது நடக்கும் என்று ஆலைக்காரர்களுக்குத் தெரியும். தடுக்க ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைச் சேர்க்கிறார்கள். சேர்த்த பின் சோதனையும் உண்டு: பெட்ரோலை ஒரு கனத்த உருளைக்குள் ஆக்சிஜனோடு அடைத்து, ஏறத்தாழ 7 பார் அழுத்தம் ஏற்றி, 100 டிகிரியில் வைப்பார்கள். 360 நிமிடங்களாவது அது ஆக்சிஜனை விழுங்காமல் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆனால் தடுப்பான் செலவாகும் பொருள். தீர்ந்த நாளிலிருந்து பிசின் வேகமாகச் சேரும்.

எத்தனை நாளில் தீரும் என்பதை வெயில் முடிவு செய்யும். வேதிவினைகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகம் இரண்டு மடங்கு. 25 டிகிரி அறையில் ஓராண்டு தாங்கும் பெட்ரோல், 45 டிகிரியில் மூன்று மாதத்தில் அந்த வயதை எட்டிவிடும். சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டைப் பக்கம் தகரக் கொட்டகைக்குள் போய் நின்று பார்த்தவர்களுக்கு 45 டிகிரி என்பது பெரிய எண்ணாகத் தெரியாது. குளிர்நாட்டில் எழுதிய கையேடுகள் சொல்லும் ‘ஆறு மாதம், ஒரு வருடம்’ என்ற கெடுவை இங்கே அப்படியே நம்ப முடியாது.

டேங்கில் 10 லிட்டர் கெடுவதைவிட இன்ஜெக்டர் முனையில் ஒரு சொட்டு கெடுவதுதான் ஆபத்து. எஞ்சினை அணைத்ததும் உள்ளே காற்றோட்டம் நின்றுவிடும். ஆனால் எஞ்சின் சூடு மேலே ஏறும். ஊசியின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பெட்ரோல் படலம் அந்தச் சூட்டில் ஆவியாகி, கனமான எச்சத்தை மட்டும் விட்டுப்போகும். 1980களின் நடுவில் அமெரிக்காவில் இன்ஜெக்டர் கார்கள் பெருகியபோது இதே கூத்துதான் நடந்தது. புதுக் கார்களே திக்கித் திணறின. சிறு தூரம் ஓட்டி அணைத்து, ஓட்டி அணைத்து என்று பயன்படுத்தியவர்களுக்குத் தொல்லை அதிகம். கடைசியில் 1995 ஜனவரி 1 முதல் அந்நாட்டில் விற்கும் எல்லாப் பெட்ரோலிலும் கழுவும் வேதிப்பொருள் கலக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அது ஓடும் வண்டிக்குத்தான் உதவும். நிற்கும் வண்டியில் வரும் பெட்ரோலும் இல்லை, கழுவும் பொருளும் இல்லை. படலம் காய்ந்து ஊசியை இருக்கையோடு ஒட்டிவிடும்.

எத்தனால் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது வண்டியில் எது கெட்டாலும் பழி அதன் மேல்தான். இந்தியப் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்தது 2023 பிப்ரவரியில் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில், பம்ப் உறிஞ்சும் இடத்திலேயே, போய் உட்காரும். இது உண்மை. ஆனால் ‘டேங்க் ராத்திரியில் ஈரக்காற்றை மூச்சிழுத்தே தண்ணீர் சேர்ந்துவிட்டது’ என்பதைக் கணக்குப் போட்டால் நிற்காது. மாருதி 800இன் டேங்க் 28 லிட்டர். அதில் 3 லிட்டர் பெட்ரோலும் 25 லிட்டர் காற்றும் இருப்பதாகக் கொள்வோம். பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு நாளில் உள்ளே வரும் காற்று ஒரு லிட்டருக்கும் குறைவு. ஐப்பசி ஈரத்திலும் அந்தக் காற்றில் இருக்கும் தண்ணீர் ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்குதான். 10 சதவீதக் கலவையில் 3 லிட்டரைப் பிரிக்கக் கிட்டத்தட்ட 15 மில்லிலிட்டர் வேண்டும். இரண்டு ஆண்டு மூச்சிழுத்து, இழுத்ததெல்லாம் உள்ளேயே தங்கினால்தான் அந்த அளவு வரும். உங்கள் டேங்கில் கரண்டிக் கணக்கில் தண்ணீர் நின்றால், மூடியின் ரப்பர் வெடித்து மழை இறங்கியிருக்கும், அல்லது பாட்டிலில் வாங்கி ஊற்றிய பெட்ரோலிலேயே அது வந்திருக்கும்.

பழைய வண்டியில் எத்தனால் செய்யும் அசல் வம்பு வேறு. அது நல்ல கரைப்பான். பல வருடமாக டேங்கின் இரும்புச் சுவரில் ஒட்டிக் கிடந்த பிசினையும் துருவையும் பெயர்த்து, லைன் வழியாக முன்னால் அனுப்பிவிடும். பழைய ரப்பர் குழாய்களை ஊதவைக்கும். ஊருக்கு வந்தவர் டேங்கில் மீதியிருக்கும் பழைய பெட்ரோலின் மேலேயே புதுசை ஊற்றிச் செல்ஃப் அடிக்கும்போது, இந்தக் குப்பை முழுக்கப் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் வாயில் இருக்கும் குட்டிச் சல்லடை என்று வரிசையாகப் போய்ச் சேரும். ஊசி பிசினால் ஒட்டியிருக்க, மேலே சல்லடை துருவால் மூடிவிடும்.

சரி, மூன்றில் எது அடைத்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டறையில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். எஞ்சின் தட்டுத் தடுமாறியாவது ஓடினால், உயிருள்ள இன்ஜெக்டர் டிக் டிக் டிக்கென்று நொடிக்கு ஏழு முறை அடிக்கும். ஒட்டிக்கொண்டது மௌனமாக இருக்கும். மல்டிமீட்டரில் சுருளின் மின்தடை 12 முதல் 16 ஓம் காட்டினால் சுருளில் குறையில்லை, பெரும்பாலும் அடைப்புதான்.

பாதி அடைத்ததைப் பிடிப்பதுதான் கஷ்டம். காரணம் கம்ப்யூட்டர். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் மூன்று சிலிண்டருக்கும் பொதுவானது. அதற்குச் சராசரிதான் தெரியும். ஒரு இன்ஜெக்டர் 30 சதவீதம் குறைவாகப் பீய்ச்சினால் மொத்தத்தில் 10 சதவீதம் குறைவு. கம்ப்யூட்டர் உடனே மூன்றையும் ஒரே விகிதத்தில் கூட்டிவிடும். அடைத்தது 70இலிருந்து 78க்கு வரும். நன்றாக இருந்த இரண்டும் 111க்குப் போய்விடும். ஒன்று பசியில் விட்டுவிட்டு எரிய, மற்ற இரண்டும் மிச்சத்தைக் கரியாக்கும். கணக்குப்படி சராசரி சரியாக இருப்பதால் எச்சரிக்கை விளக்குகூட எரியாமல் போகலாம். ஸ்கேனரைவிட இங்கே பிளக் உண்மை பேசும்: கழட்டி வரிசையாக வைத்தால் ஒன்று வெளுத்தும் இரண்டு கறுத்தும் இருக்கும்.

சுத்தம் செய்யும் வேலை டேங்கில் தொடங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பழைய பெட்ரோலை முழுக்க இறக்கி, டேங்கைக் கழட்டிக் கழுவி, பம்பின் அடியில் இருக்கும் சல்லடையையும் ஃபில்டரையும் மாற்றி, லைனை ஊதிய பிறகே இன்ஜெக்டரைத் தொட வேண்டும். அவசரப்பட்டு இன்ஜெக்டரை மட்டும் கழுவி மாட்டினால், ஊர்த் திருவிழா முடிவதற்குள் திரும்ப அடைக்கும். இதற்கெல்லாம் முன்பாகப் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இரண்டு முறை செல்ஃப் அடித்து லைனில் இருக்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும், பிறகு பேட்டரி வயரைக் கழட்ட வேண்டும். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கத் தயார். காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து போய்த் தூரத்து அடுப்பையும் தொடும்.

கழட்டிய இன்ஜெக்டர்களைச் சோதனை மேடையில் வரிசையாக மாட்டுவார்கள். கீழே அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்கள். ஓடவிட்டால் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும்: ஒரு குழாய் மளமளவென்று நிறையும், இன்னொன்றில் பாதிதான் ஏறும், ஒட்டிக்கொண்டதன் குழாய் காலியாகவே நிற்கும். பீய்ச்சலையும் பார்க்க வேண்டும். நல்லது கூம்பாகப் பனி தூவும். கெட்டது ஒரே கோடாகப் போகும், இல்லையென்றால் முனையில் திரண்டு சொட்டும்.

அடுத்தது மீயொலித் தொட்டி. எவர்சில்வர் தொட்டியின் அடியில் ஒட்டிய படிகங்கள் நொடிக்கு 40,000 முறை அதிரும். திரவத்தில் இந்த ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய அலை மயிரிழைச் சந்துக்குள் என்ன செய்யும்? வேலையைச் செய்வது அலை இல்லை, அது உண்டாக்கும் குமிழி. அழுத்தம் தாழும்போது திரவம் கிழிந்து நுண்குமிழிகள் பிறக்கும், ஏறும்போது நசுங்கும். 40,000 அதிர்வில் ஒத்திசையும் குமிழியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. நசுங்கும் கடைசிக் கணத்தில் அது ஒரு பக்கமாக உடைந்து, பக்கத்துப் பரப்பின் மேல் ஊசி போன்ற நீர்த்தாரையை நொடிக்கு 100 மீட்டர் அளவில் அறையும். பிசின் செதில் செதிலாக உரியும். கப்பல்களின் உந்திகளை அரித்துத் தின்றது இதே குமிழிதான். அதற்குக் கணக்கு எழுதி இயற்பியலாளர் ராலே பிரபு 1917இல் கட்டுரை வெளியிட்டார். எஃகு உந்தியைத் தின்ற குறும்பு இங்கே கூலிக்கு வேலை பார்க்கிறது.

தொட்டியில் போட்டால் மட்டும் போதாது. இன்ஜெக்டருக்குத் துடிப்பு மின்சாரம் கொடுத்து ஊசியைத் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே பளபளக்கும், உள்ளே பழைய கதைதான். இங்கேதான் சிலர் பேட்டரி வயரை நேராக இன்ஜெக்டரில் தொட்டு விளையாடுவார்கள். சுருள் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கே செய்யப்பட்டது. விடாமல் 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துபோகும். பக்கத்தில் பெட்ரோல் இருந்தால் எரிவது சுருள் மட்டுமாக இருக்காது.

கழுவிய பின் எதிர்த் திசையில் திரவம் பாய்ச்சி, வாயில் இருக்கும் சல்லடையைப் புதிதாக மாற்றி, ஓ-ரிங்குகளையும் மாற்றி, மறுபடி மேடையில் ஏற்றுவார்கள். மூன்று குழாயிலும் மட்டம் ஏறத்தாழ ஒன்றாக நின்றால், மூடிய நிலையில் அழுத்தம் கொடுத்தும் சொட்டாமல் இருந்தால், வண்டியில் மாட்டலாம். கழுவிய பிறகும் சொட்டுகிற இன்ஜெக்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடையில் விற்கும் பாட்டில் மருந்தை டேங்கில் ஊற்றினால் சரியாகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல மருந்துகளில் இருப்பது பாலிஈதர் அமீன் என்ற வேதிப்பொருள். ஓடுகிற வண்டியில், பாதி அடைப்புக்கு, அது மெதுவாக வேலை செய்யும். முழுக்க ஒட்டிப்போன ஊசியைத் தாண்டி மருந்தே போகாது. பிறகு எதைக் கரைக்கும்?

ஊரில் காரை விட்டுப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். கிளம்பும் முன் டேங்கைப் புதுப் பெட்ரோலால் ஏறக்குறைய நிரப்பி, அந்தப் பெட்ரோல் இன்ஜெக்டர் வரை வரும்படி 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நிழலில் நிறுத்துங்கள். சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை வெளியே ஓட்டிவரச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைப்பது, ஓட்டாமல் விடுவதைவிட மோசம். முனையில் படலத்தைச் சுட்டுவைக்கும் வேலைதான் அதில் நடக்கும். ஆறு மாதத்துக்கு மேல் யாரும் தொடப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டுப் போவது நல்லது.

ஏற்கெனவே கெட்டுப்போன பெட்ரோலை இறக்கினால் அதைக் கொல்லையில் ஊற்ற வேண்டாம். கோடைக் கரிசல் ஆழமாக வெடித்துக் கிடக்கும். ஊற்றியது வெடிப்பு வழியே தங்கு தடையில்லாமல் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரை நோக்கிப் போகும். மூடி இறுக்கமான கேனில் பிடித்துப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள், கழிவு ஆயிலோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள்.